புதுப்பிப்பு: விஎம் (மெய்நிகர் கணினி) இமேஜ் பில்ட், இப்போது வேகம்

கோத்தகிரியில் பேக்கர் (இமேஜ்களைத் தானாக உருவாக்கும் கருவி), கியூஇஎம்யூ (விஎம்மை ஓட்டும் மென்பொருள்) வைத்து உபுண்டு லினக்ஸ் இமேஜ் (ஓஎஸ் நிறுவிய டிஸ்க் கோப்பு) உருவாக்க ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். தீர்ந்தது.

பெரிய பலன், ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து ஓஎஸ்ஸை முதலிலிருந்து நிறுவுவதையே கைவிட்டதில். உபுண்டுவின் ஆயத்த கிளவுட் இமேஜை (ஏற்கெனவே நிறுவி வைத்தது) அடியாக வைத்து, பேக்கரில் 'டிஸ்க் இமேஜ்', 'யூஸ் பேக்கிங் ஃபைல்' இரண்டையும் ட்ரூ ஆக்குங்கள், ஃபார்மட் கியூகவ்2 (கியூஇஎம்யூவின் டிஸ்க் கோப்பு வடிவம்). அடி இமேஜிலிருந்து மாறிய பிளாக்குகள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) மட்டுமே எழுதப்படும். ஆனால் வெளிவரும் கோப்பு அடி இமேஜை நம்பியே நிற்கும். கியூஇஎம்யூ-இமேஜ் கன்வர்ட் கட்டளையை ஓட்டி ஒரே கோப்பாக்காமல் வேறு சர்வருக்குக் கொண்டுபோனால் பூட் ஆகாது.

பேக்கரில் டிஸ்க் கேஷை 'அன்சேஃப்' ஆக்கினால் ஃபிளஷ் கட்டளைகள் (தரவை உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்பவை) புறக்கணிக்கப்படும். பேக்கேஜ் நிறுவல் பறக்கும். நடுவில் கரண்ட் போனால் அந்த இமேஜைத் தூக்கிப் போடுங்கள், சரிபார்க்கவே வேண்டாம். மழைக்காலத்தில் மலையில் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

மெதுவான இணைப்புக்கு உள்ளூரிலேயே ஆப்ட்-கேச்சர்-என்ஜி (ஒருமுறை இறக்கிய பேக்கேஜ்களைச் சேமித்துத் தரும் கேஷ் சர்வர்), போர்ட் 3142. எச்டிடிபிஎஸ் ரெப்போக்கள் (பேக்கேஜ் களஞ்சியங்கள்) இதில் தானாகக் கேஷ் ஆகாது. பில்டின் கடைசி ஸ்கிரிப்டில், ஆப்ட்டை (உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவி) இந்தக் கேஷ் சர்வருக்குத் திருப்பும் பிராக்ஸி அமைப்பை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் இமேஜ் போகுமிடமெல்லாம் உங்கள் கேஷ் சர்வரையே தேடும்.