நீலமாக்கினா முகம் பொணம் மாதிரி வருது, தெரிஞ்சாக்கள் சொல்லுங்க

வாவிப்பொடியன்:
அண்ணமார் அவசரம், நாளைக்கு ஷோர்ட் பிலிம் குடுக்கணும். கடைசி சீன், மகன் கட்டாருக்குப் போனாப் பிறகு தாய் கல்லடி வாவிக்கரையில தனிய இரிக்கிறா, சோகமா வரணும் எண்டு எடிட்ல படத்த நீலமாக்கினன், தண்ணி வானம் எல்லாம் வடிவா வருது ஆனா அம்மாட முகம் பொணம் மாதிரி, உதடு ஊதா, கண்ணு வெள்ளையும் நீலம். குறைச்சா சோகம் போயிடுது. என்ன செய்யிற?

பொழுதுபட்டான்:
என்ன கமரா? எதில எடிட்? எத்தின மணிக்கு எடுத்த? ஒண்டும் சொல்லாம கேட்டா என்னெண்டு தம்பி சொல்லுற.

அக்கரை எடிட்டர்:
மையத்து மாதிரி வருதெண்டா வைட் பேலன்ஸ்தான் (வெள்ள வெள்ளையாத் தெரிய கமராவுக்கு வைக்கிற நிற அளவு), வேற ஒண்டுமில்ல. ஆட்டோல விட்டிருப்பீங்க, ஆள் அசைய அசைய கமரா தன்ட பாட்டுக்கு நிறத்த மாத்தும். வெயில்ல அந்த அளவ 5600 கெல்வின்ல பூட்டிட்டு எடுங்க.

வாவிப்பொடியன்:
எடுத்து முடிஞ்சி காக்கா, திரும்ப எடுக்க ஏலா

ஸ்கோப் மாஸ்டர்:
இந்தக் கேள்வி இஞ்ச வாறதும் போறதும்தான், தேடிப் பாக்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்ல. வெக்டர்ஸ்கோப் எண்டு, படத்தில எந்த நிறம் எவ்வளவு எண்டு காட்டுற வட்டம் ஒண்டு இரிக்கி, கேள்விப்பட்டிருப்பீங்களோ தெரியா. அதில சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில ஒரு கோடு, கறுப்போ வெள்ளையோ மனிசத்தோல் அதுக்குக் கிட்டத்தான் விழும், வெளிச்சம்தான் கூடக்குறைய. முகம் எங்க விழுந்திரிக்கி எண்டு பாத்துட்டு வாங்க.

தேன்நிலா:
சேல என்ன நிறம்?

வாவிப்பொடியன்:
மெரூன். சோனி ஏ6400 கமரா, ரிசோல்வ்ல எடிட், பகல் 11 மணி போல, பிக்சர் ப்ரொஃபைல் ஒண்டும் போடல்ல, கமராட சாதாரண நிறம்தான். யூடியூப்ல கிடைச்ச எஸ்-லாக்3 சினிமா லட்ட (நிறத்த ஒரேயடியா மாத்துற ரெடிமேட் ஃபைல்) போட்டு அதுக்கு மேல ஆஃப்செட்ட நீலத்துக்கு இழுத்தன்

பொழுதுபட்டான்:
லட் போட்டத இப்பதானே சொல்றீங்க! அது எஸ்-லாக் மாதிரி லாக்ல, பிறகு எடிட்ல நிறம் ஏத்தலாம் எண்டு வெளிற விட்டு எடுத்த படத்துக்குச் செஞ்சது. உங்கட படத்தில கொன்ட்ராஸ்ட் ஏற்கெனவே ஏறியிரிக்கி, அதுக்கு மேல இன்னொருக்கா ஏத்தினா கண்ணுக்குழி, கன்னத்து நிழல் எல்லாம் கறுத்துப்போகும், பிறகு ஆஃப்செட் எண்டா இருட்டு வெளிச்சம் பாக்காம எல்லாத்தையும் சேத்து நகத்தும், உதடு ஊதாவாகாம என்ன செய்யும்? லட்ட தூக்குங்க. முதல்ல படத்த இயல்பா கொண்டுவாங்க. பிறகு ஷேடோக்கு (இருட்டுப் பக்கத்துக்கு) மட்டும் நீலம், சச்சுரேஷன (நிறத்திட அடர்த்திய) கொஞ்சம் இறக்குங்க, சோகம் பாதி அதிலதான் வரும்.

தேன்நிலா:
சேலய ஏன் கேட்டனெண்டா, குவாலிஃபையர்ல (நிறத்த வச்சு ஒரு இடத்த மட்டும் தெரிவு செய்யிற டூல்) தோல புடிச்சா மெரூனையும் சேத்துப் புடிக்கும். முகத்தச் சுத்தி விண்டோ எண்டு ஒரு வட்டம் போட்டு, முகம் அசைய அதுவும் போற மாதிரி ட்ராக் பண்ணுங்க.

ஊர்க்கிறுக்கன்:
சோகம் எண்டா நீலம் எண்டு ஆர் சொன்ன? எங்கட ஊர்ல செத்த வீட்டுக்கு வெள்ளைக்கொடிதானே கட்டுற. பகல் 11 மணி வெயில நீலமாக்கி ஆர ஏமாத்துற, அந்தக் கண்கூசுற வெளிச்சத்த அப்படியே விட்டாலே தாய்ட தனிமை தெரியும்.

அக்கரை எடிட்டர்:
மையத்துக்குச் சுத்துற கபன் துணியும் வெள்ளதான், கதை சரி. ஆனா வைட் பேலன்ஸ் சரியில்லாட்டி வெள்ளையும் வெள்ளையா வராது.

ஸ்கோப் மாஸ்டர்:
படம் பாக்கிறவன் பழகினது ஒண்டு இரிக்கி. 2000ல வந்த ட்ராஃபிக் படத்தில மெக்சிக்கோ மஞ்சள், வாஷிங்டன் பக்கம் நீலம், ஊர்ப்பேர் போடாட்டியும் எங்க நிக்கிறம் எண்டு விளங்கும். இதெல்லாம் அடிப்படை.

ஊர்க்கிறுக்கன்:
அதத்தான் நானும் சொல்றன். வெயில் நாடெண்டா மஞ்சள ஊத்துறது அவங்கட பழக்கம், அத நாம ஏன் தூக்கிச் சுமக்கிற?

தேன்நிலா:
அதே வருசம் ஓ பிரதர் வேர் ஆர்ட் தவ் படத்தில ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் மிசிசிப்பி பச்சைய காஞ்ச மஞ்சளாக்கினார். அது அவங்கட சொந்த நாடுதான், 1930கள்ல நடக்கிற கதைக்குப் புழுதி வேணும் எண்டு செஞ்சது. கதை கேட்டா மாத்தலாம், இதில சண்ட எதுக்கு.

ஸ்கோப் மாஸ்டர்:
சண்ட இல்ல, படிப்பிக்கிறன்.

வாவிப்பொடியன்:
லட்ட தூக்கிட்டு ஷேடோக்கு மட்டும் போட்டன், முகம் வந்திட்டு, தேங்ஸ். வானம்தான் கோடு கோடா தெரியுது

பொழுதுபட்டான்:
அந்தக் கமராட உள்ரெக்கோர்டிங் 8 பிட், நிறப்படிகள் குறைவு, வானத்த இழுத்தா அப்படித்தான். மேல கொஞ்சம் கிரெய்ன் (பொடிப்பொடிப் புள்ளி) போடுங்க, கோடு உடையும். எக்ஸ்போர்ட்ல பிட்ரேட்ட (ஒரு செக்கனுக்குரிய டேட்டா அளவ) குறைச்சிடாதீங்க, கிரெய்ன தின்னுட்டு கோடு திரும்ப வந்திடும்.

ஊர்க்கிறுக்கன்:
வெள்ளைக்கொடிக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லல்ல.