கிழக்கு ஐரோப்பாவின் அகதி வெறுப்பு: கம்யூனிசம் விட்டுப்போன எச்சமா?

வைகைக்கரை:
2015 கோடையில் ஹங்கேரி அரசு நாடு முழுக்க விளம்பரப் பலகை வைத்தது. "ஹங்கேரிக்கு வந்தால் ஹங்கேரியர்களின் வேலையைப் பறிக்கக் கூடாது" என்று வருகிறவனைப் பார்த்துச் சொல்வதுபோல வாசகம். ஆனால் எழுதியிருந்தது ஹங்கேரிய மொழியில். சிரியாவிலிருந்து நடந்து வந்தவனுக்கு அதில் ஓரெழுத்தும் விளங்கியிருக்காது. படித்தது உள்ளூர் வாக்காளர்தான். செப்டம்பரில் செர்பிய எல்லையில் 175 கிலோமீட்டருக்கு வேலி வந்துவிட்டது. 1956-ல் சோவியத் டாங்குகளுக்குப் பயந்து இதே நாட்டிலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் பேர் ஆஸ்திரியாவுக்கும் யுகோஸ்லாவியாவுக்கும் ஓடினார்கள். அந்த நாட்டுக்கு இந்த மனசு எங்கிருந்து வந்தது?

கம்யூனிஸ்ட் ஆட்சிதான் வேர் என்பது என் எண்ணம். நாற்பது வருடம் கதவைச் சாத்தி வைத்தார்கள். சுவரில் சகோதரத்துவம் என்று எழுதிவிட்டு, இனவெறி எங்கள் நாட்டில் கிடையாது என்று சொல்லி அதைப் பற்றிப் பேசவே விடவில்லை. கிழக்கு ஜெர்மனிக்கு ஒப்பந்த வேலைக்கு வந்த வியட்நாம், மொசாம்பிக் ஆட்களைத் தனி விடுதிகளில் வைத்தார்கள். பெண் கர்ப்பமானால் கலைக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆட்சியின் கடைசிக் காலம்வரை இதுதான் நடைமுறை. சுவர் விழுந்ததும் என்ன நடந்தது? 1991-ல் ஹோயர்ஸ்வெர்டா, 1992-ல் ரோஸ்டாக். இரண்டு கிழக்கு ஜெர்மன் ஊர்களிலும் வெளிநாட்டவர் தங்கிய விடுதிகளைக் கும்பல் தாக்கியது.

செஞ்சட்டை:
எடுத்த எடுப்பிலேயே பழியைக் கம்யூனிசத்தின் தலையில கட்டிட்டீங்களே தோழர். 1992 நவம்பர்ல மோல்ன் ஊர்ல துருக்கியர் வீட்டுக்குத் தீ வச்சாங்க, மூணு பேர் செத்தாங்க. 1993-ல சோலிங்கன்ல அஞ்சு பேர். ரெண்டு ஊரும் மேற்கு ஜெர்மனி. அங்க எந்தக் கட்சி நாற்பது வருஷம் கதவைச் சாத்தி வச்சிருந்தது?

இன்னொண்ணு. கிரேக்க உள்நாட்டுப் போர்ல தோத்த இடதுசாரிகள் பிள்ளைகுட்டியோட ஆயிரக்கணக்குல போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரின்னு போனாங்க. ஹங்கேரியில 1950-ல அவங்களுக்குன்னு ஒரு கிராமத்தையே கட்டிக் கொடுத்தாங்க. பெலோயானிஸ்னு பேரு, இப்பவும் இருக்கு.

வைகைக்கரை:
தனி ஊர் கட்டிக் குடியேற்றினார்கள் என்றுதானே நானும் சொல்கிறேன்? கட்சி கூட்டிவந்த விருந்தாளிகள் அவர்கள். அடுத்த வீட்டுக்காரர் ஆகவில்லை.

ரோஸ்டாக்கையும் சோலிங்கனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சோலிங்கனில் ராத்திரியில் திருட்டுத்தனமாகத் தீ வைத்தார்கள். ரோஸ்டாக்கில் நடந்தது திருவிழா. பக்கச் சுவரில் சூரியகாந்திப் பூ பதித்த பதினோரு மாடிக் கட்டடம், உள்ளே குழந்தைகளோடு நூற்றுக்கும் மேற்பட்ட வியட்நாமியர், கூடவே ஒரு டிவி குழு. போலீஸ் பின்வாங்கிவிட்டது. கீழ்த்தளத்தில் பெட்ரோல் குண்டு எரிகிறது, புகை மேலே ஏறுகிறது. உள்ளே இருந்தவர்கள் பூட்டிய கதவை உடைத்து மொட்டைமாடி வழியாகப் பக்கத்து வாசலுக்குத் தப்பினார்கள். வெளியே ஆயிரக்கணக்கான அக்கம்பக்கத்தார் கைதட்டிக்கொண்டு நின்றார்கள். தின்பண்டக் கடை வேறு போட்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கைதட்டலுக்குத்தான் காரணம் வேண்டும்.

செஞ்சட்டை:
காரணம் 1990-ல இருக்கு. கிழக்கு ஜெர்மனியோட அரசு ஆலைகளை விக்கிறதுக்குன்னே ட்ராய்ஹாண்ட்னு ஒரு நிறுவனம். ரெண்டே வருஷத்துல லட்சக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. கோபத்தை யார் மேல காட்டுவான்? கைக்கெட்டுற தூரத்துல இருக்கிறவன் மேலதான்.

கடுக்காய்:
ரெண்டு பேரும் அந்த மக்களை நோயாளியாக்கிப் படுக்கவைத்து வைத்தியம் பார்க்கிறீர்கள். அவர்கள் பக்கம் ஒரு நியாயமே கிடையாதா? அல்ஜீரியாவைச் சுரண்டிய பிரான்சும் இந்தியாவைச் சுரண்டிய பிரிட்டனும் கடனை அடைக்கட்டும். போலந்து எந்தக் கண்டத்தில் காலனி பிடித்தது? 1795 முதல் 1918 வரை வரைபடத்திலேயே இல்லாத நாடு அது. ஹங்கேரியின் நடுப்பகுதி ஒன்றரை நூற்றாண்டு துருக்கி சுல்தானிடம் இருந்தது. நாளைக்கு நம் நாடு இருக்குமா என்ற பயம் அவர்களுக்குப் பரம்பரைச் சொத்து. இந்த நிலையில் 2015 செப்டம்பர் 22 அன்று 1,20,000 அகதிகளை உறுப்பு நாடுகள் பங்குபோட்டுக்கொள்ளச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் பிரஸ்ஸல்ஸில் முடிவெடுத்தது. செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ருமேனியா நாலும் எதிர்த்து வாக்களித்தும் எடுபடவில்லை. முன்னே உத்தரவு மாஸ்கோவிலிருந்து வந்தது, இப்போது பிரஸ்ஸல்ஸிலிருந்து வருகிறது. எரிச்சல் வராதா?

செஞ்சட்டை:
அந்தப் பங்குல செக் குடியரசு எடுத்தது மொத்தம் 12 பேர். 12 பேர் வந்தா நாடு காணாமப் போயிடுமா சார்?

போலந்துவாசி:
போலந்தில் வேலை பார்க்கிறேன், அதனால் நுழைகிறேன். காலனி கிடையாது என்று கடுக்காய் சொல்வது சரிதான். "எங்களுக்கு வேற்றாளைப் பழக்கமில்லை" என்று இங்கேயும் சொல்வார்கள், அதுதான் தப்பு. போருக்கு முன் இந்த நாட்டில் மூன்றில் ஒரு பங்கு பேர் போலிஷ்காரர்களே இல்லை. யூதர்கள் மட்டும் 33 லட்சம். அவர்களில் மிகப் பெரும்பாலோரை ஹிட்லர் கொன்றான். மிச்சத்தைச் சுத்தம் செய்தது கம்யூனிஸ்ட் ஆட்சி. ஜெர்மானியர்களைத் துரத்தினார்கள். 1947-ல் சுமார் 1,40,000 உக்ரேனியர்களையும் லெம்கோ என்ற மலைப்பகுதிச் சிறுபான்மையினரையும் தென்கிழக்கிலிருந்து பிடுங்கி வடக்கிலும் மேற்கிலும் சிதறவிட்டார்கள். 1968-ல் ஆட்சித்தலைவர் கோமுல்காவின் கம்யூனிஸ்ட் கட்சியே யூதர்களுக்கு எதிராகப் பிரச்சாரம் நடத்தியது, 13,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். கையில் கொடுத்த பயணப் பத்திரத்தில், இதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் அல்ல என்று அச்சிட்டிருந்தது. குடியுரிமையைப் பறித்துத்தான் வார்சாவிலிருந்து ரயில் ஏற்றினார்கள்.

ஆகவே செஞ்சட்டை சொல்கிற சர்வதேசியமும் கிடையாது, வைகைக்கரை சொல்கிற வெறும் அறியாமையும் கிடையாது. மக்கள் ஆதரவு இல்லாத கட்சி தேசியவெறியைக் கடன் வாங்கி ஆட்சி நடத்தியது. கட்சி போய்விட்டது, அந்த வித்தையை அடுத்து வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2015 தேர்தல் பிரச்சாரத்தில், அகதிகள் நோயும் ஒட்டுண்ணியும் கொண்டுவருவார்கள் என்று வலதுசாரிக் கட்சித் தலைவர் காச்சின்ஸ்கி பேசினார். அந்தத் தேர்தலில் அவர் கட்சிதான் ஜெயித்தது.

கடுக்காய்:
அதே போலந்து 2022-ல் லட்சக்கணக்கான உக்ரேனியர்களை வீட்டுக்குள் விட்டதே? அவர்களைப் பற்றி மூச்சு விடக் காணோம்.

போலந்துவாசி:
விட்டார்கள், கண்ணால் பார்த்தேன். ஸ்டேஷனில் முன்பின் தெரியாதவர்கள் அட்டையில் "இரண்டு பேருக்கு இடம் உண்டு" என்று எழுதிப் பிடித்து நின்றார்கள். அதே வருடம்தான் பெலாரஸ் எல்லையில் 186 கிலோமீட்டருக்கு ஐந்தரை மீட்டர் உயர இரும்புச் சுவரும் எழுந்தது. ஈராக்கியர்களையும் சிரியர்களையும் பெலாரஸ் அதிபர் லுகாஷென்கோதான் அங்கே கொண்டுவந்து தள்ளினார், மறுக்கவில்லை. ஆனால் காட்டில் குளிரில் செத்தவர்கள் லுகாஷென்கோக்கள் இல்லையே. எல்லையோரக் கிராமங்களில் சிலர் ஜன்னலில் பச்சை விளக்கு வைத்தார்கள், இங்கே வந்தால் சாப்பாடும் உடுப்பும் கிடைக்கும் என்பதற்கு அடையாளமாக.

கடுக்காய்:
உக்ரேனியன் அக்கம்பக்கத்துக்காரன், அதே நிறம், அதே சாமி. யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

போலந்துவாசி:
1943-ல், இன்று உக்ரைனில் இருக்கும் வொல்ஹீனியாவில் உக்ரேனியப் படை பல்லாயிரம் போலிஷ் மக்களை வெட்டிக் கொன்றது. 1947-ல் இவர்கள் அவர்களைப் பிடுங்கி எறிந்தார்கள். அந்தக் கணக்கு இருந்தும் 2022-ல் கதவு திறந்தது. ஆகவே பரம்பரைப் பயம் எல்லாரிடமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. நிறத்தைச் சொன்னீர்களே, அது உண்மைதான். 2022-ல் போர் தொடங்கிய அந்த வாரம் உக்ரைன் பக்க எல்லை வரிசைகளில் நம் ஊர் மருத்துவ மாணவர்களையும் ஆப்பிரிக்க மாணவர்களையும் பின்னால் தள்ளிய செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

கடுக்காய்:
படித்தேன். மக்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2016 அக்டோபரில் ஹங்கேரியில் பொது வாக்கெடுப்பு, 98 சதவீதம் பேர் பிரஸ்ஸல்ஸ் பங்கீடு வேண்டாம் என்றார்கள்.

வைகைக்கரை:
செல்லுபடியான வாக்குகளில் 98. அதில் பாதி வாக்காளர்கள்கூடப் பங்கெடுக்கவில்லை, அதனால் வாக்கெடுப்பே செல்லாமல் போனது. வந்தவர்களிலும் ஆறு சதவீதம் பேர் வேண்டுமென்றே சீட்டைச் செல்லாததாக்கிப் போட்டார்கள்.

கடுக்காய்:
2018-லும் 2022-லும் பிரதமராக இருந்த ஓர்பானுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம் கொடுத்ததும் அதே மக்கள்தானே?

செஞ்சட்டை:
2018-ல அவருக்கு விழுந்தது 49 சதவீத ஓட்டு சார். மூணுல ரெண்டு பங்கு கொடுத்தது அவர் மாத்தி எழுதின தேர்தல் சட்டம்.