கம்ப்யூட்டர் ஆன் ஆக ஒன்பது நிமிஷம்: புதுசு வாங்கத்தான் வேண்டுமா?

பள்ளத்தூர் பலகாரம் (கேட்டவர்)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்பு சீடை, அதிரசம். யாருக்கு எத்தனை கிலோ, எந்த ஊருக்குப் பார்சல், யார் பாக்கி என்று எல்லாமே ஒரு பழைய டெஸ்க்டாப்பில் எக்செல்லில்தான் வைத்திருக்கிறேன். 2016இல் மகன் காலேஜ் சேர்ந்தபோது வாங்கியது. ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட்டிஸ்க், விண்டோஸ் 10. அவன் சிங்கப்பூர் போய்விட்டான், கம்ப்யூட்டர் என்னோடு தங்கிவிட்டது.

ஆன் செய்தால் திரை வர ஒன்பது நிமிஷம். மிகைப்படுத்தவில்லை. மனகோலத்துக்குப் பாகு ஏற்றிவிட்டு வந்து பட்டனை அமுக்கினேன். பாகு பதம் வந்துவிட்டது, இங்கே வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. எக்செல் திறந்தால் 'நாட் ரெஸ்பாண்டிங்'. மதியத்துக்கு மேல் இன்னும் மோசம், ஃபேன் சத்தம் வேறு கிரைண்டர் மாதிரி.

பக்கத்து வீட்டுப் பையன் 'வேகப்படுத்தும்' சாஃப்ட்வேர் ஒன்று போட்டுக் கொடுத்தான். அது தினமும் ஆயிரத்துச் சொச்சம் தவறுகளைக் கண்டுபிடித்துக் காசு கேட்கிறது. ஆன்டிவைரஸ் இரண்டு இருக்கிறது, ஒன்றைவிட இரண்டு நல்லது என்று நினைத்தேன். ஒரு கடையில் விவரம் சொன்னேன். திறந்துகூடப் பார்க்காமல், "பத்து வருஷமாச்சு ஆச்சி, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்கள்.

ஆவணியில் இரண்டு கல்யாணத்துக்குப் பலகாரம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆறாயிரம் வரை செலவழிக்க முடியும். என்ன செய்யட்டும்?

கோட்டையூர் மாணவன்

4 ஜிபி எல்லாம் இப்ப பத்தாது ஆச்சி. இன்னொரு 8 ஜிபி ரேம் போடுங்க, பறக்கும்.

தேவகோட்டை கணக்கு வாத்தியார் (ஓய்வு)

விண்டோஸை எடுத்துவிட்டு அதற்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள் அம்மா. என்னிடம் இதைவிடப் பழைய கம்ப்யூட்டர் அதில்தான் ஓடுகிறது. காசும் கிடையாது, வைரஸ் பயமும் குறைவு.

செக்காலை டெக்னீஷியன்

ஆச்சி, ரெண்டு நாளைக்கு எதையும் வாங்காதீர்கள், எதையும் மாற்றாதீர்கள். வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, நோய் என்ன என்று தெரியாமல் மருந்து எழுத முடியாது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். கீழே 'மோர் டீட்டெய்ல்ஸ்' இருந்தால் அதை அமுக்கிவிட்டு, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றும் எத்தனை சதவீதம் என்று பார்த்து எழுதுங்கள். டிஸ்க்கைத் தொட்டால் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' (கேட்டதற்கு டிஸ்க் பதில் தர ஆகும் சராசரி நேரம்) என்று ஒன்று இருக்கும், அதுவும் வேண்டும். சிபியு பக்கத்தில் 'அப் டைம்', அதாவது நிறுத்தாமல் ஓடிய நேரம், என்ன காட்டுகிறது?

பள்ளத்தூர் பலகாரம்

தம்பி, சிபியு 11, மெமரி 76, டிஸ்க் 100. டிஸ்க் 100லேயே நிற்கிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது. ரெஸ்பான்ஸ் டைம் 1,800 எம்எஸ் (மில்லி செகண்ட்), சில சமயம் 3,000. படிக்கும் வேகம் வெறும் 1 எம்பி சொச்சம். அப் டைம் 23 நாள் என்கிறது! தினமும் ராத்திரி ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் படுக்கிறேன். பொய் சொல்கிறதா?

செக்காலை டெக்னீஷியன்

பொய் இல்லை. விண்டோஸ் 10இல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒரு ஏற்பாடு. ஷட்டவுன் கொடுத்தாலும் முழுசாகத் தூங்காது, உள்ளே இருந்ததில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு எழுந்திருக்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் உண்மையான குளியல். ஆனால் உங்கள் தொல்லைக்கு அது காரணம் இல்லை.

ரெஸ்பான்ஸ் டைமைப் பாருங்கள். ஹார்ட்டிஸ்க் என்பது உள்ளே சுற்றும் தட்டு. டெஸ்க்டாப்பில் வருவது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 7,200 சுற்று. எங்கோ இருக்கும் ஒரு சின்னத் துண்டைத் தேடி எடுக்க, நல்ல டிஸ்க்குக்கே 10 எம்எஸ்ஸை ஒட்டி ஆகும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது அப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கும். மாடியில் இருக்கும் பாத்திரங்களை ஒரு நடைக்கு ஒரு கரண்டி என்று ஏறி இறங்கி எடுப்பது போலத்தான். நூறு கரண்டிக்கு நூறு நடை. ஹார்ட்டிஸ்க்குக்குப் பதில் போடும் எஸ்எஸ்டி என்ற சேமிப்புச் சாதனத்தில் சுற்றும் தட்டே கிடையாது, அதனால்தான் அதைப் போட்டால் பழைய கம்ப்யூட்டரும் துள்ளுகிறது.

இதுவரை எல்லா வீட்டுக் கதையும் ஒன்றுதான். ஆனால் 1,800 என்பது வெறும் மெதுவு இல்லை ஆச்சி. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதை இறக்கித் திறந்தால் மேலே ஒரு வண்ணப் பெட்டியில் டிஸ்க்கின் உடல்நிலை காட்டும். நீலமா, மஞ்சளா, சிவப்பா?

கோட்டையூர் மாணவன்

மெமரி 76 சதவீதம்தானே இருக்கு. அப்ப என் ரேம் ஐடியா காலியா அண்ணே?

செக்காலை டெக்னீஷியன்

காலி இல்லை, இரண்டாவது. ரேம் நிறைந்துவிட்டால் மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில்தான் கொண்டுபோய் வைக்கும், அதுவும் சுமைதான். ஆனால் இந்த டிஸ்க்கோடு ரேம் மட்டும் போட்டிருந்தால் ஆச்சி காசைப் போட்டுவிட்டு அதே வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. ஆறாம் தலைமுறை போர்டுகளில் டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டு வகையுமே வந்தன. எது என்று பார்க்காமல் வாங்கினால் துவாரத்தில் நுழையவே நுழையாது.

பள்ளத்தூர் பலகாரம்

மஞ்சள். 'காஷன்' (எச்சரிக்கை) என்று இருக்கிறது. சி5 என்று தொடங்கும் வரியிலும் மஞ்சள் புள்ளி. ஓடிய நேரம் 14,600 மணி. தம்பி, பயமாக இருக்கிறது. அப்பத்தா கைப்பட எழுதிய பலகாரக் குறிப்பு நோட்டைப் படம் பிடித்து இதில்தான் வைத்திருக்கிறேன். நோட்டு கரையான் அரித்துப் போய்விட்டது.

செக்காலை டெக்னீஷியன்

சி5 என்பது 'படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் இடங்கள்'. தட்டில் சில இடங்கள் கெட்டுவிட்டன. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது, அந்த நேரம்தான் உங்கள் ஒன்பது நிமிஷம். இன்றைக்கு வேகத்தை மறந்துவிடுங்கள், முதலில் குறிப்பைக் காப்பாற்றுவோம்.

ஒரு பென்டிரைவ் போதும். முதலில் அப்பத்தா குறிப்பு, அடுத்து எக்செல் கணக்கு, அப்புறம் குடும்பப் படங்கள். சினிமா, பாட்டெல்லாம் கடைசி, போனாலும் போகட்டும். முழு ஃபோல்டரையும் ஒரே மூச்சில் இழுக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் காப்பி செய்யுங்கள். எங்காவது நின்றுவிட்டால் 'ஸ்கிப்' கொடுத்துத் தாண்டிப் போங்கள், அந்த ஒன்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். யாராவது டிஃப்ராக் செய் (டிஸ்க்கில் சிதறியதை ஒழுங்காக அடுக்குவது), 'செக்டிஸ்க்' ஓட்டு (டிஸ்க்கைச் சோதிப்பது) என்று சொன்னால் காப்பி முடியும்வரை காதில் வாங்காதீர்கள். அவை தட்டு முழுக்க ஊர்ந்து வேலை வாங்கும். நொண்டிக் காலோடு குன்றக்குடி மலைப்படி ஏறச் சொல்கிற மாதிரி.

அந்த வேகப்படுத்தும் சாஃப்ட்வேரை இப்போது நீக்கக்கூட வேண்டாம், எப்படியும் பழைய டிஸ்க்கோடு போய்விடும். (ரெஜிஸ்ட்ரி என்கிற விண்டோஸ் அமைப்புப் பதிவேட்டைச் சுத்தம் செய்து வேகம் கூடிய கம்ப்யூட்டரை நான் இதுவரை பார்த்ததில்லை.) இரண்டு ஆன்டிவைரஸ் என்பது ஒரு வாசலுக்கு இரண்டு காவல்காரர்கள். வருகிறவனை விட்டுவிட்டு ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள். புதிதாகப் போடும்போது விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் மட்டும் போதும்.

பள்ளத்தூர் பலகாரம்

ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்தேன். குறிப்பு 64 படமும் வந்துவிட்டது. கணக்கும் வந்துவிட்டது. 2019 கோவில் திருவிழாப் படங்களில் பன்னிரண்டு வரவில்லை, சரி போகட்டும். மகனுக்கும் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். மொத்தமே 60 ஜிபிதான் இருந்தது. இனி என்ன வாங்க?

செக்காலை டெக்னீஷியன்

60 ஜிபி என்றால் 1 டிபி எதற்கு? 256 ஜிபி, 2.5 இன்ச் சாட்டா (கேபிளில் மாட்டும் வகை) எஸ்எஸ்டி போதும். என்விஎம்இ என்று இன்னும் வேகமான, விலை கூடிய எஸ்எஸ்டியைக் காட்டுவார்கள், உங்கள் போர்டில் அதற்கு இடம் இருக்கிறதோ என்னவோ, கணக்கு எழுத அது வேண்டியதும் இல்லை. சாட்டா எஸ்எஸ்டியே வினாடிக்கு 500 எம்பி வரை படிக்கும்.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்ய (முழுசாக நகலெடுக்க) வேண்டாம், கெட்ட இடத்தில் போய் மாட்டிக்கொள்ளும். 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வைத்துப் புதிதாக விண்டோஸ் போடுங்கள். உரிமம் மதர்போர்டோடு பதிவாகியிருந்தால் நெட் கிடைத்ததும் தானாக வந்துவிடும். போடும்போது பழைய ஹார்ட்டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள், தவறிப்போய் அதில் போட்டுவிடாமல் இருக்க.

தேவகோட்டை கணக்கு வாத்தியார் (ஓய்வு)

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. ஆறாம் தலைமுறை சிப்பை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான். அப்போது என்ன செய்வார்களாம்?

செக்காலை டெக்னீஷியன்

நியாயமான கேள்வி ஐயா. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். ஆவணிக் கல்யாணம் தாண்டிவிடும். அதற்கப்புறம் உங்கள் லினக்ஸ் கட்சிக்கு வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதில் ஓடும் லிப்ரேஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் எக்செல் கணக்கு திறக்கும், சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது.

தேவகோட்டை கணக்கு வாத்தியார் (ஓய்வு)

ஒப்புக்கொண்டேன்.

பள்ளத்தூர் பலகாரம் (ஐந்து நாள் கழித்து)

காரைக்குடியில் எஸ்எஸ்டி வாங்கி வந்தேன். மகன் வீடியோ காலில் சொல்லச் சொல்ல நானே திருப்புளி பிடித்து மாட்டினேன். 24 வினாடியில் திரை வருகிறது! எக்செல் தொட்டதும் திறக்கிறது.

ஆனால் ஒன்று. காலையில் இப்படி ஓடுகிறது, மதியம் ரெண்டு மணிக்கு மேல் மறுபடி இழுக்கிறது, ஃபேன் கத்துகிறது. டிஸ்க் இப்போது 2 சதவீதம்தான். இது என்ன புதுக் கூத்து?

புதுவயல் மில்காரன்

ஆச்சி, கம்ப்யூட்டர் வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது?

பள்ளத்தூர் பலகாரம்

வீட்டின் இரண்டாம் கட்டில் (உள்பகுதியில்), அடுப்படிக்கு எதிர் அறையில், தரையில். ஏன் தம்பி?

புதுவயல் மில்காரன்

அதேதான். நான் ரைஸ் மில்லில் கணக்குப் பார்க்கிறேன், எங்கள் கம்ப்யூட்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவிட்டைக் குடித்துவிட்டு இப்படித்தான் கத்தும். உங்களுடையது எண்ணெய்ப் புகையையும் அரிசி மாவையும் குடிக்கிறது. மதியம்தானே சட்டி வைக்கிறீர்கள்? எஸ்எஸ்டி மாட்டும்போது உள்ளே ஃபேனைப் பார்த்தீர்களா?

பள்ளத்தூர் பலகாரம்

பார்த்தேன். சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஏதோ இருந்தது. அது அப்படித்தான் இருக்கும்போல என்று மூடிவிட்டேன்.

செக்காலை டெக்னீஷியன்

மில்கார அண்ணனுக்குத்தான் மார்க். மதியத்தில் மோசம் என்று ஆச்சி முதல் நாளே எழுதியிருந்தார்கள், டிஸ்க் மேலேயே கண்ணாக இருந்து நான் கோட்டை விட்டுவிட்டேன். சிப்பின் சூட்டைக் காட்டும் 'கோர் டெம்ப்' மென்பொருள் போட்டு மதியம் பாருங்கள். இந்தச் சிப் 100 டிகிரியை நெருங்கினால் கருகாமல் இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பள்ளத்தூர் பலகாரம்

சட்டி இறக்கியதும் பார்த்தேன். 97.

செக்காலை டெக்னீஷியன்

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். வெறும் தூசி என்றால் ஊதினால் போகும், எண்ணெய் சேர்ந்தது போகாது. பெயின்ட் பிரஷ்ஷில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம். புளோயர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், சுற்ற விடாதீர்கள். சிப் மேல் இருக்கும் பசை பத்து வருஷத்தில் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். புதிய தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். இந்த வேலை மட்டும் பயமாக இருந்தால் யாரிடமாவது கொடுங்கள், உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? பழைய வீட்டு வயரிங்கில் எர்த் இல்லாவிட்டால் அப்படி இருக்கும். இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அது கம்ப்யூட்டர் ரிப்பேர் இல்லை, உயிர் விஷயம்.

பள்ளத்தூர் பலகாரம் (மூன்று நாள் கழித்து)

சுத்தம் செய்தாயிற்று. வந்த கழிவை ஒரு தட்டில் வைத்து மகனுக்குப் படம் அனுப்பினேன், "கும்மாயமா ஆத்தா?" என்று நம் ஊர் இனிப்பைச் சொல்லிக் கேட்கிறான். முகப்பு அறைக்கு மாற்றி மேஜை மேல் வைத்துவிட்டேன். நேற்று முழுக்கத் தேன்குழல் சுட்டேன், மதியம் 58 டிகிரி. சுருக்கென்று இருந்ததும் உண்மைதான், எர்த் போட ஆள் நாளைக்கு வருகிறார். ரேம் வாங்கவில்லை. கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று ஜன்னலுக்கு மேல் நான் திறப்பதும் இல்லை. ஆறாயிரத்தில் மிச்சம்கூட இருக்கிறது.

கோட்டையூர் மாணவன்

ஆச்சி, அந்தப் பழைய ஹார்ட்டிஸ்க் சும்மாதானே கிடக்கும்? எனக்குத் தர முடியுமா, ப்ராஜெக்ட்டுக்கு?

பள்ளத்தூர் பலகாரம்

தரமாட்டேன் தம்பி. அதில் பத்து வருஷத்து ஆட்களின் முகவரியும் பாக்கியும் இருக்கிறது. பள்ளத்தூர்ப் பக்கம் வந்தால் சீப்பு சீடை தருகிறேன்.