மூன்றரை வயது மகனின் ஆட்டிசத்திற்கு எந்தச் சிகிச்சையை நம்புவது?

கேள்வி: மன்னார்குடித் தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதைக் குழந்தை மருத்துவர் சென்ற மாதம் உறுதிப்படுத்தினார். பெரா பரிசோதனை செய்து பார்த்ததில் காதில் குறையில்லை என்று தெரிந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. தாகம் எடுத்தால் அவன் தன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சென்று, அவள் கையை எடுத்துக் குடத்தின் மூடிமேல் வைப்பான். அப்போதும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

பேச்சுப் பயிற்சியும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையும் தொடங்குமாறு மருத்துவர் கூறினார். ஆனால் ஸ்டெம்செல் என்ற மூல உயிரணுக்களை ஊசியாகப் போட்டால் ஓராண்டில் பேசிவிடுவான் என்று ஒரு தனியார் மையம் உறுதி சொல்லி, லட்சக்கணக்கில் பணம் கேட்கிறது. நிலத்தில் ஒரு பகுதியை அடகு வைக்கலாம் என்கிறார் என் மாமனார். உடலில் சேர்ந்த உலோகங்களை மருந்து கொடுத்து வெளியேற்ற வேண்டும், பாலையும் கோதுமையையும் நிறுத்த வேண்டும் என்று வேறொருவர் வற்புறுத்துகிறார். கேட்டால், "அங்கே போன பையன் இப்போது பேசுகிறான்" என்பதே எல்லோரும் தரும் சான்றாக இருக்கிறது. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: தஞ்சை குழந்தை மருத்துவர்

ஐயா, அந்தச் சான்று ஏன் போதாது என்பதற்கு ஒரு வரலாறே இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். செக்ரிட்டின் என்ற குடல் சுரப்பை வயிற்றுப் பரிசோதனைக்காகச் செலுத்தியபோது, ஆட்டிசம் உள்ள மூன்று குழந்தைகளின் பேச்சும் பார்வைத் தொடர்பும் மேம்பட்டதாக 1998-இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளிவந்தது. பெற்றோர் அந்த ஊசியைத் தேடி அலைந்தார்கள். மறு ஆண்டே சுமார் 60 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் செக்ரிட்டினும் மற்றதற்கு வெறும் உப்பு நீரும் செலுத்தினார்கள். யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. இரு குழுக்களிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. அந்த வயதில் குழந்தை தானாகவும் வளர்கிறது. நம்பிக்கையோடு கவனிக்கும் பெற்றோரின் கண்ணுக்குச் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரிகிறது. இந்த முடிவைச் சொன்ன பிறகும், அச்சோதனையில் கலந்துகொண்ட பெற்றோரில் 69 விழுக்காட்டினர் செக்ரிட்டினில் தங்களுக்கு ஆர்வம் இருப்பதாகவே கூறினார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை; அந்த ஏக்கத்தை விலைபேசுபவர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் குறைகூறுவேன்.

ஸ்டெம்செல் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. குறிப்பிட்ட இரத்த நோய்கள் போன்றவற்றுக்கு அது ஏற்கப்பட்ட சிகிச்சை. அந்தப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. உலோகம் நீக்கும் மருந்தின் பக்கமே போகாதீர்கள். 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அதைச் செலுத்தியபோது, இரத்தத்தில் கால்சியம் சரிந்து அவன் இறந்தான். பாலையும் கோதுமையையும் நிறுத்துவதால் ஆட்டிசம் குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஏற்கெனவே இரண்டு மூன்று உணவை மட்டுமே உண்ணும் பிள்ளையாக இருந்தால் ஊட்டச்சத்துதான் குறையும்.

பதில்: கும்பகோணம் சிறப்பாசிரியை

மருத்துவர் ஐயா எவற்றை விலக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எதைச் செய்யலாம் என்பதை நான் சொல்கிறேன். பெற்றோர் வழியாகச் செய்யும் பயிற்சிக்கு நல்ல சான்று இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், சிறப்பு நிபுணர்கள் அல்லாத உள்ளூர்ப் பணியாளர்களே பயிற்சி பெற்று வீடுகளுக்குச் சென்றார்கள். பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அவர்களுடன் உட்கார்ந்து பார்த்து, பிள்ளை தொடர்புகொள்ள முயன்ற கணங்களைச் சுட்டிக்காட்டினார்கள். பெற்றோரின் பதிலளிப்பு மேம்பட்டது. பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்வதும் கூடியது. நிபுணர்கள் குறைவாக உள்ள நம் பகுதிக்கு இது பெரிய செய்தி என்று நினைக்கிறேன்.

உங்கள் மகன் குடத்தின் மூடிமேல் அம்மாவின் கையை வைப்பதே ஒரு பேச்சுதான். அந்த இடத்தில் அம்மா அவன் உயரத்திற்குக் குனிந்து, "தண்ணி" என்று ஒரே சொல்லைச் சொல்லி, சில நொடிகள் காத்திருக்கட்டும். அவன் ஒரு ஒலி எழுப்பினாலோ கண்ணை உயர்த்தினாலோ உடனே தண்ணீர் கொடுக்கட்டும்; ஒன்றும் செய்யாவிட்டாலும் கொடுக்கத்தான் வேண்டும், தாகத்தைப் பணயமாக வைக்கக் கூடாது. குளியலிலும் சோறு ஊட்டும்போதும் இதையே செய்யலாம்.

பயிற்சி மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பயிற்சியாளரிடம் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு எண்ணைக் கேளுங்கள். அடுத்த மூன்று மாதத்தில் எதை எதிர்பார்க்கிறார்கள், அதை எப்படி அளப்பார்கள் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். உங்களை உள்ளே விடாமல் கதவைச் சாத்துகிற இடம் வேண்டாம்.

பதில்: திருவாரூர்த் தாய்

என் மகன் வளர்ந்துவிட்டான். இன்றும் படங்களைக் காட்டித்தான் பேசுகிறான். பட அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கையை உதறுவதையும் சுற்றிச் சுற்றி வருவதையும் நிறுத்துவதே சிகிச்சை என்று எண்ணி, அடித்தோ கையைக் கட்டியோ பழக்குபவர்களிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். தனக்கு வலிக்கிறது, பசிக்கிறது, வேண்டாம் என்று அவன் தெரிவிக்கக் கற்பதே முதலில் வேண்டியது. "வேண்டாம்" என்ற அட்டையை நாங்கள் தாமதமின்றிக் கொடுத்ததால் அவன் கடிப்பது பெருமளவு குறைந்தது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. நிலத்தை அடகு வைக்கும் பேச்சை இன்றே நிறுத்திவிட்டேன். பயிற்சிக்காக வாராவாரம் தஞ்சாவூர் சென்றுவரும் செலவுக்கு ஏதேனும் வழி உண்டா?

பதில்: கும்பகோணம் சிறப்பாசிரியை

மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கு இயங்குகிறது என்று உங்கள் அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலக் குழுவிடம் கேளுங்கள்; அங்கே பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருப்பதால், முதலில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் பெறுங்கள். அவை கிடைத்ததும் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான அந்தக் காப்பீட்டில் தெரபிக் கட்டணத்திற்கும் ஒரு பகுதி உண்டு. பில்களையும் மருத்துவர் எழுதித் தந்த சீட்டையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.