அக்டோபர் கணக்கை நம்பி வாத்து வேட்டைக்குப் போகலாமா?

நாணல்மறைவு:
கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். ஆகஸ்டில் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் 2025 அறிக்கை வந்தது. இனப்பெருக்கப் பகுதிகளில் சுமார் 3 கோடியே 40 லட்சம் வாத்துகள் என்று போட்டிருந்தார்கள். அக்டோபரில் எங்கள் பக்கத்தில் விமானத்தில் பறந்து வாத்துகளை எண்ணிய கணக்கும் நன்றாகவே இருந்தது. மிசிசிப்பி வலசைப் பாதையில் சீசன் திறந்ததும் மூன்று நாள் லீவு போட்டு, விடியுமுன் நாணலுக்குள் போய் உட்கார்ந்தேன். இரண்டே இரண்டு ஆண்டி வாத்து. அப்புறம் குண்டு எட்டாத உயரத்தில் ஒரு கூட்டம் கருவால் வாத்து. அவ்வளவுதான்.

சீசன் தொடக்கக் கணக்கை வாராவாரம் வெளியிடுவதால் வேட்டைக்காரனுக்கு ஒரு பயனும் இல்லை என்பது என் வாதம். வீண் ஆசையைக் கிளப்பிவிட்டு, பொது நீர்நிலைகளில் கூட்டத்தைச் சேர்ப்பதுதான் மிச்சம். நவம்பர் நடுப்பகுதிவரை வெளியிடாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

இருகண்நோக்கி:
நான் வேட்டைக்காரன் இல்லை, பறவை பார்ப்பவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டு வேறு கணக்குகளை ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறீர்கள்.

அந்த 3 கோடியே 40 லட்சம் வசந்தகாலக் கணக்கு. 1955 முதல் கனடாப் புல்வெளி, டகோட்டா, அலாஸ்கா பக்கமெல்லாம் பறந்து எடுப்பது. அதில் இருப்பவை முட்டையிட வந்த பெரிய வாத்துகள்; அந்த ஆண்டுக் குஞ்சு ஒன்றுகூடக் கிடையாது. இலையுதிர் காலத்தில் தெற்கே எத்தனை வரும் என்பதைக் குஞ்சுகள்தான் முடிவு செய்யும். குஞ்சு பொரிக்கக் குட்டைகளில் தண்ணீர் வேண்டும். அதே அறிக்கையில் மே மாதக் குட்டைகள் முந்தைய ஆண்டின் 52 லட்சத்திலிருந்து 42 லட்சமாக இறங்கியிருப்பதும் இருக்கிறதே, அதைப் படித்தீர்களா? 3 கோடியே 40 லட்சம்கூட நீண்டகாலச் சராசரிக்குக் கொஞ்சம் கீழேதான்.

இன்னொன்று. பொம்மை வாத்தைப் பார்த்து ஏமாந்து இறங்குவது பெரும்பாலும் அந்த ஆண்டுக் குஞ்சுகள். அவை குறைந்த வருடத்தில் வானத்தில் மிஞ்சுவது நாலைந்து சீசன் குண்டுச் சத்தம் கேட்டுப் பழகிய கிழங்கள். உங்கள் கருவால் கூட்டம் ஏன் அவ்வளவு உயரத்தில் போனது என்று இப்போது புரிகிறதா?

நாணல்மறைவு:
குட்டை விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அக்டோபர் கணக்கு குஞ்சையும் சேர்த்துத்தானே எண்ணுகிறது? அது நன்றாக இருந்ததே. அந்த வாத்துகள் எங்கே?

பழையஓடம்:
தம்பி, நாற்பது வருடமாக இந்தத் தண்ணீரில் கிடக்கிறேன். வாத்து இருக்கிறது. நீ இருக்கிற இடத்தில் இல்லை.

விமானம் தாழப் பறந்து எண்ணும்போது வாத்து எங்கே குவிந்து கிடக்கும்? சுடக்கூடாத இடத்தில்தான். இல்லினாய் ஆற்றுப் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள். 1948 முதல் அங்கே விமானக் கணக்கு நடக்கிறது. சட்டாக்வா காப்பகம், எமிக்வான் சதுப்பு என்று இடம் இடமாகப் பிரித்து எண்ணிக்கை வரும். காப்பகத்தில் ஒரு லட்சம் கிடந்தாலும், வெளியே நாணலில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது வேறு ஊர்க் கல்யாணம். மொத்தத்தைப் பார்க்காதே, இடவாரியாகப் பார்.

அப்புறம், சீசன் திறந்து துப்பாக்கி வெடித்த மறுநாளே அவை வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளும். பகலெல்லாம் காப்பகத் தண்ணீரில் தூக்கம். பொழுது சாய்ந்து, சுடும் நேரம் முடிந்தபிறகு வயலுக்கு மேயக் கிளம்பும். படகைக் கரையில் கட்டும்போது தலைக்கு மேலே இறக்கைச் சத்தம் கேட்டு எத்தனை நாள் வயிறெரிந்திருக்கிறேன் தெரியுமா!

நாணல்மறைவு:
அண்ணா, நீங்கள் சொல்வது என் வாதத்துக்குத்தானே வலு சேர்க்கிறது? எனக்கு எட்டாத இடத்து வாத்தை எண்ணி எனக்கு ஏன் காட்ட வேண்டும்?

இருகண்நோக்கி:
உங்களுக்காக மட்டும் எண்ணவில்லையே, ஐயா. ஒரே பாதையில், ஒரே முறையில், பல பத்தாண்டுகள் எண்ணிய வரிசைக்குத்தான் மதிப்பு. எந்த இனம் எந்த வாரத்தில் வருகிறது, அது முன்னே பின்னே நகர்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். நடுவில் ஒரு மாதத்தை மறைத்தால் யாருக்கு லாபம்?

வேட்டைக்காரருக்கும் பயன் உண்டு, இனவாரியாகப் படித்தால். நீலச்சிறகுக் கிளுவை என்ற சின்ன வாத்து பகல் சுருங்குவதை வைத்தே கிளம்பிவிடும். குளிர் வரும்வரை காத்திராது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரிலேயே ஓட்டம் பிடிக்கும். மல்லார்டு வாத்து அப்படி இல்லை. வயலில் பனி மூடி, தண்ணீர் உறையும்வரை வடக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அக்டோபர் கணக்கில் மல்லார்டு குறைவு என்றால் "இன்னும் வரவில்லை" என்று படிக்க வேண்டும். "இந்த வருடம் இல்லை" என்று படித்தால் தப்பு உங்களுடையது.

நாணல்மறைவு:
கிளுவையைப் பற்றிப் பேசுவதென்றால் பேசலாம். செப்டம்பர் கிளுவை சீசன் 16 நாளாக இருந்தது. 2025இல் 9 நாள். ஏன்? 2024 கணக்கில் நீலச்சிறகுக் கிளுவை சுமார் 46 லட்சம். 16 நாளுக்கு 47 லட்சம் வேண்டுமாம். ஒரு லட்சம் குறைந்ததற்கு ஒரு வாரம் போச்சு! அந்தக் கணக்கின் பிழை வரம்பே ஒரு லட்சத்தைவிடப் பெரிது. அதோடு இந்த ஆண்டு சீசனைப் போன வருட எண்ணை வைத்து முடிவு செய்கிறார்கள். இதை எப்படி நம்புவது?

இருகண்நோக்கி:
இது நியாயமான கேள்வி, முதல் பதிவைவிட நூறு மடங்கு. பிழை வரம்பு பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் அதற்கு ஒரு லட்சம் கீழே ஒரு வருடம் வந்து நிற்கத்தான் செய்யும். எண்ணைப் பார்த்தபிறகு கோட்டை நகர்த்தத் தொடங்கினால் கோடே வேண்டாம். 2020, 2021இல் கொரோனாவால் மே மாத விமானங்கள் பறக்கவே இல்லை. அப்போது கையில் புது எண் இல்லாமல்தான் முடிவெடுத்தார்கள். அதைவிட பிழையோடு கூடிய எண் மேல்.

நாணல்மறைவு:
இதில் நான் ஒத்துப்போகவில்லை. பிழை வரம்புக்குள் விழுந்தால் பழைய நாட்களையே விட்டுவைக்கலாம் என்று விதியிலேயே எழுதியிருக்கலாம்.

பழையஓடம்:
இதில் நான் தம்பி பக்கம்.

வடகாற்று:
எண்ணை வைத்து இவ்வளவு சண்டையா? 1995 நவம்பர் தொடக்கத்தில் கனடாப் பக்கமிருந்து ஒரு கடுங்குளிர் இறங்கியது. ஒமாஹா, கான்சஸ் சிட்டி விமான நிலைய ரேடார்களே தடுமாறும் அளவுக்கு ஒரே மூச்சில் வாத்து வந்தது. முந்தின வாரக் கணக்கை வைத்து அதை யார் கணித்திருக்க முடியும்? நான் பார்ப்பது வானிலைப் படம் மட்டும். டகோட்டாவில் குட்டை உறைந்ததா, காற்று வடமேற்கா, அவ்வளவுதான்.

இருகண்நோக்கி:
அப்படியொரு நாள் ஆயுளில் எத்தனை முறை வரும்? அதற்காகவே நாணலில் உட்கார்ந்திருந்தால் தாடி வளர்ந்துவிடும்.

நாணல்மறைவு:
வளரட்டும். வியாழன் இரவு காற்று வடமேற்காகத் திரும்புகிறதாம். வெள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். இந்த முறை கணக்குப் பக்கமே போகவில்லை.

பழையஓடம்:
உண்மையைச் சொல் தம்பி.

நாணல்மறைவு:
இடவாரியாக மட்டும் பார்த்தேன், அண்ணா.