300 ஓம் ஹெட்போனுக்குத் தனி ஆம்ப் தேவையா?

கேள்வி: 300 ஓம் (மின்னோட்டத்துக்கு எதிர்ப்பு அதிகம்) ஹெட்போனை லேப்டாப் ஜாக்கில் மாட்டி வால்யூம் முழுக்க வைத்தும் சத்தம் போதவில்லை, பாஸும் மெலிவு. டாக் (DAC, டிஜிட்டல் தரவை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி), ஆம்ப் (அந்த சிக்னலைப் பெருக்கும் கருவி) இரண்டும் வாங்கணுமா?

பதில் 1: முதலில் ஆம்ப் மட்டும் போதும். ஜாக் 1 வோல்ட் தந்தால் 300 ஓமில் கிடைப்பது 3.3 மில்லிவாட்தான். 4 வோல்ட் தரும் ஆம்பில் 53 மில்லிவாட், அதாவது 12 டெசிபல் கூடுதல். நல்லாவே தெரியும். பின்னால் 32 ஓம் ஹெட்போனும் போடுவீங்கன்னா, ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் (ஆம்புக்குள்ளேயே இருக்கும் மின் எதிர்ப்பு) 4 ஓமுக்குள் இருக்கணும்; கூடினால் சில மாடல்களில் பாஸ் ஊதிப்போய்க் குழையும்.

பதில் 2: ஆம்ப் மாட்டியதும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வழியே மின்சாரம் சுற்றி வருவது. ஆப்டிகல் இன்புட் உள்ள டாக் அப்போ உதவும். ஆப்டிகல் கேபிளின் இழையில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது.

பதில் 3: காது மெத்தையையும் பாருங்க. நசுங்கித் தட்டையாகியிருந்தால் பாஸ் அங்கேதான் கசியுது.