அணுமின் நிலையத்தில் உள்ளாள் வேலை, உள்ளிருந்து புகார்: மனசை விட்டுப் போகாதவை

கேள்வி: உள்ளே வேலை செய்பவரே (உள்ளாள்) கெடுதல் செய்தது, உள்ளே இருந்தவரே தவறை வெளியே சொன்னது: அணுமின் நிலைய அனுபவத்தில் உங்கள் மனசை விட்டுப் போகாதது எது?

டர்பைன் பிரிவு:
பெல்ஜியத்தின் டோயல் 4 அணு உலை, ஆகஸ்ட் 2014. யாரோ வால்வைத் திறந்துவிட, டர்பைனின் மசகு எண்ணெய் சுமார் 65,000 லிட்டர் வடிந்தது. தீப்பிடித்தால் எண்ணெயைச் சட்டென வடிக்க வைத்த வழி அது! உலை நின்றது; திரும்ப ஓட டிசம்பர் ஆனது. ஆள் யாரென்று தெரியவே இல்லை. அதான் உறுத்துகிறது. இருவர் விதி (முக்கியமான இடத்தில் யாரும் தனியாக இருக்கக் கூடாது) இருந்திருந்தால் நடந்திருக்காது.

கதிரியக்கக் கண்காணிப்பு:
கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையம், நவம்பர் 2009. ஊழியர்களின் குடிதண்ணீர் கூலரில் ட்ரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) கலந்த கனநீர், அதாவது உலையில் பயன்படும் நீர். காட்டிக்கொடுத்தது சிறுநீர்ச் சோதனை. ட்ரிட்டியத்தின் பீட்டா கதிர் அவ்வளவு பலவீனம், கையில் வைத்துக் கதிர்வீச்சு அளக்கும் சாதாரண சர்வே மீட்டர் வாயே திறக்காது. உடம்பிலிருந்து பாதி வெளியேற சுமார் 10 நாள். நிறையத் தண்ணீர் குடித்தால் சீக்கிரம். அதைக் கலந்தவர் வெளியாள் இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஷிப்ட் பொறுப்பு:
டர்பைன் நண்பரே, இருவர் விதி மந்திரமில்லை. துணைக்கு நிற்பவருக்கு வேலை அனுமதிச் சீட்டின் மொழி தெரியாது, ஒப்பந்த ஆள் என்பதால் "நிறுத்துங்க" என்று சொல்லத் தைரியமும் கிடையாது என்றால், அங்கே நிற்பது ஒரே ஆள்தான். எந்த நாட்டுக்காரர் என்று பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சந்தேகப்படுவதும் வீண். சம்பந்தமில்லாத பகுதியில் யார் வாசல் அட்டையைத் தேய்க்கிறார் என்று பாருங்கள்.

வெல்டிங் ஆய்வு:
ஃபுகுஷிமா டாயிச்சி 1-இன் ஸ்டீம் டிரையரில் (நீராவியின் ஈரத்தைப் பிரிக்கும் பாகம்) இருந்த விரிசல் மறைக்கப்பட்டதை 2000-இல் ஜப்பான் அரசுக்கு எழுதியவர், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க ஆய்வாளர். கண்காணிக்க வேண்டிய அமைப்பே அவர் பெயரை, அந்த நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. விஷயம் வெளியே வர 2002 ஆகஸ்ட். 2003 ஏப்ரலில் டெப்கோவின் 17 உலைகளும் நின்றன.

புகார் எழுதுபவர்கள் கவனிக்க: உபகரண டேக் எண் (கருவியின் அடையாள எண்), தேதி, ஷிப்ட், கண்ணால் கண்டது. அவ்வளவே போதும், யார் மேல் சந்தேகம் என்று எழுதாதீர்கள். முதலில் குறைபாட்டு அறிக்கை போட்டு அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலிடம் அதை மூடி மறைத்தால் அந்த எண்ணோடு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போங்கள். வரைபடங்களைப் பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. அந்த நிமிடமே புகார்தாரர் நீங்கள் இல்லை, உள்ளாள் நீங்கள். அமெரிக்காவில், புகார் சொன்னதற்காக நிர்வாகம் பழிவாங்கினால் 180 நாளுக்குள் தொழிலாளர் துறையில் மனு போடணும், தவறினால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

ஷிப்ட் பொறுப்பு:
வெல்டிங் சார், கேட்டது அனுபவம், வகுப்பு இல்லை. பென் டிரைவ் விஷயம் மட்டும் சரி. விட்டது ஒன்று: ஒப்பந்த ஆள் விலகும் அன்றே வாசல் அட்டை, கணினி நுழைவு இரண்டும் சேர்ந்து ரத்தாகணும். அட்டை மட்டும் போய், கணினிக் கணக்கு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.